ஈசானிய மூலையில் நின்ற மரம்

14 மார்ச் 1998, சனி. சான் ஹோசே.

வீட்டோடு வந்த, உச்சியில் புல் கொத்தாகத் தொங்கும் கிராஸ் ட்ரீயைப் பொங்கல் கழிந்த வாரம் பேக்யார்டின் வடகிழக்கு மூலையிலிருந்து தோண்டியெடுத்துத் தென்மேற்கில் நட்டோம். ஈசானிய மூலையில் பாரம் இருப்பதால்தான் இரண்டு தடவையும் கரு தங்கவில்லை என்று கோயம்புத்தூரிலிருந்து மாமனார் ஃபோனில் சொன்னார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் தோண்டினேன். அடுத்த வாரமே வசந்திக்கு நாள் தள்ளிப்போனது.

ஊருக்குப் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியாக்காரர் இன்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அது அவர் நாட்டு மரம். இடுப்புயரம் வளரவே நூறு வருஷம் போல ஆகுமாம். அங்குள்ள ஆதிகுடிகள் அதன் பிசினை உருக்கிக் கோடரிக்குப் பிடி ஒட்டுவார்கள், பூவைத் தண்ணீரில் ஊறவைத்து இனிப்பாகக் குடிப்பார்கள், காய்ந்த தண்டைக் கடைந்து தீ மூட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மரம் இடம் மாறியிருப்பதைக் கவனித்து நிறுத்தினார். வேரை வெட்டினாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் அது எப்போதோ செத்திருக்கலாம், செத்த பிறகும் ஒரு வருஷம்வரை பச்சையாகவே நிற்கும், வெளியே தெரியாது என்றார்.

சாயங்காலம் வசந்தி அதற்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"ஒரு இலைகூட வாடல பாருங்க. அப்பா சொன்னபடி மாத்தினது நல்லதாப் போச்சு."

"ஆமா, பச்சையாத்தான் இருக்கு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஸ்கேன்.