சாய்வெட்டு

20 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. அனைவரும் என்றால் அப்பா, நான், திராட்சைக் கொடி. மூவரில் கொடிதான் தெம்பாக இருக்கிறது.

நேற்று கொடியின் பழைய கிளைகளை வெட்டிக் கவாத்து முடிந்தது. அப்பாவின் கட்டில் ஜன்னலோரம் கிடக்கிறது என்று உனக்குத் தெரியும். பக்கவாதம் வந்து நான்கு வருடமாகியும் வலது கை எழவில்லை. இடது கையில் கரண்டி, பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர். ஒரு தட்டு தட்டினால் ‘அந்தக் கிளை இல்லை’ என்று அர்த்தம். இரண்டு தட்டினால் ‘உள்ளே வா.’ பந்தலின் கீழே எங்கே நின்றாலும் அவர் கண்ணில் பட்டுவிடுவேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிற இடம்தான் பாக்கி. சில நாள் அங்கே போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன்.

எட்டுக் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். இது மூன்றாவது வருடம். நம் வீட்டு வெட்டுதான், உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா இப்போதும் அதே பேச்சுத்தான் பேசுகிறார்: “என் கொடி அவன் வீட்ல பிடிக்கட்டும், அடுத்த வண்டியிலயே வர்றேன். கொடி இல்லாத வீட்ல நான் படுக்க மாட்டேன்.” இதற்காகத்தானே நீ மாடிப்படி இல்லாத, பின்னால் கொஞ்சம் மண் உள்ள வீடாகத் தேடிப் போனாய்.

நர்சரிக்காரம்மா மறுபடி கேட்டுவிட்டார். நான் வேர் பிடிக்க வைத்துக் கொடுத்த ஸ்ட்ராபெரிக் கன்றுகளைப் பார்த்து, பதியம் போடும் கொட்டகை முழுவதையும் என்னிடமே விடுகிறேன் என்கிறார். வேலையோடு ஒரு அறையும் உண்டு. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது, நானே போட்டுப் பார்த்தேன். “ரெண்டு வருஷமா உனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். ஜூன் ஒண்ணாம் தேதி வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன், கோவிச்சுக்காதே” என்றார். எனக்கு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது தம்பி. இனி யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

போனில் இதையெல்லாம் பேச முடியாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் டம்ளர் சத்தம் வரும். குச்சிகளை நன்றாகப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

28 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் பட்டறையில் வேலையே ஓடவில்லை. மேஸ்திரி வந்து, “என்னப்பா, லேத்து சுத்துது, நீ நிக்கிறே” என்று கேலி செய்தார்.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இந்த முறையும் பிடிக்கவில்லை அக்கா. மண்ணைக் கொத்தி, மணல் கலந்து, மேலே பிளாஸ்டிக் பையும் கவிழ்த்து வைத்தேன். ஐந்து வாரமாகியும் ஒரு கண்கூட முளைக்கவில்லை. இந்த ஊர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, அதுதான் காரணமோ என்னவோ. வரும் ஜனவரியில் இன்னொரு தடவை பார்க்கலாம். நர்சரிக்காரம்மாவிடம் இன்னும் கொஞ்சம் தவணை கேட்டுப் பாரேன். உன்னை மாதிரி கைக்காரியை அவர் விடமாட்டார்.

உன் மருமகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். மொத்தம் ஓடியவர்கள் மூன்று பேர். வீட்டில் இரண்டு நாளாக அதே பெருமைதான்.

உன் தம்பி

7 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

என் மருமகளுக்கு முத்தம். முதலாவதாக வந்தவளுக்குக் கால் நீளமாக இருந்திருக்கும்.

‘வரும் ஜனவரி’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். உனக்கு அது காலண்டரில் ஒரு தாள். எனக்கு அது முந்நூற்றுச் சொச்சம் முறை உடம்பு துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, ஒரே ஜன்னலுக்கு முன்னால் நிற்பது. போன செவ்வாய் அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் நர்சரிக்கு ஓடினேன். நாற்பது நிமிடம்தான் எனக்கு வாய்க்கும். அங்கே ப்ளூபெரிக்கு மண் கலந்துகொண்டிருந்தார்கள், பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டேன். திரும்பி வந்தால் விரிப்பெல்லாம் ஈரம், டம்ளர் அறையின் அந்தக் கோடியில் நசுங்கிக் கிடக்கிறது. இரண்டு நாள் அப்பா சுவர்ப் பக்கமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒன்று செய். காய்ந்த குச்சிகளில் ஒன்றைப் பிடுங்கியபடியே, மண்ணைத் தட்டாமல் எனக்கு அனுப்பு. கரையானா, அழுகலா, உப்பா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். குறை தெரிந்துவிட்டால் இப்போதுகூட ஏதாவது செய்யலாம்.

அக்கா

2 ஏப்ரல்

தம்பிக்கு,

பார்சல் வந்தது. நீ பட்டறைக்குப் போன நேரத்தில் உன் வீட்டம்மா கட்டி அனுப்பியிருக்கிறாள். உள்ளே அவள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: “அண்ணி, மாமாவுக்கு அறை ஒழித்து வைத்து ஒரு வருடமாகிறது. குச்சியை நீங்களே பாருங்கள்.”

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். மண்ணுக்குள் போகிற முனைக்கு நேர்வெட்டு, வானத்தைப் பார்க்கிற முனைக்குச் சாய்வெட்டு. இருட்டில் தடவிப் பார்த்தாலும் தலைகீழாக நட்டுவிட மாட்டோம் என்றுதான் அப்பா இந்த வழக்கத்தை வைத்தார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நமக்கு இது தெரியும். ஒருமுறை நான் மாற்றி நட்டதற்கு, “தலையால நடக்கறவளே” என்று ஒரு மாதம் என்னைக் கூப்பிட்டவன் நீ.

இந்தக் குச்சியில் மண் ஒட்டியிருப்பது சாய்வெட்டில். நேர்வெட்டு மேலே இருந்திருக்கிறது. நீ கவிழ்த்த பைக்குள் இருந்த ஈரத்தில் அந்த முனையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வேர் மொட்டு விட்டிருக்கிறது. கீழே மண் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காற்றில் வேர் விடப் பார்த்திருக்கிறது. ஐந்து மொட்டு, எண்ணினேன்.

கவனப் பிசகு என்று எழுதிவிடு. நான் நம்பிவிடுகிறேன். ஆனால் எட்டுக் குச்சியையும் அப்படித்தான் நட்டாயா என்று மட்டும் சொல்.

அக்கா

19 ஏப்ரல்

அக்கா,

எட்டையும்தான்.

முதல் வருடம் நிஜமாகவே காய்ந்துபோயிற்று. போன வருடம் நேராக நட்டேன். நாலாவது வாரம் ஒரு குச்சியில் இலை விரிந்தது, நகக்கண் அளவு. அதைப் பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டியவன் பயந்துபோனேன். டம்ளர் தட்டுகிற சத்தம் என் வீட்டுக்குள் கேட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டேன். அது வாடி விழ பன்னிரண்டு நாள் ஆயிற்று. தினமும் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். இன்னொரு தடவை அந்தக் காட்சியைப் பார்க்கத் திராணியில்லை, அதனால்தான் இந்த வருடம் தலைகீழாக நட்டேன். ‘பிடிக்கவில்லை’ என்று எழுதினால் அது பொய்யாகாது என்று ஒரு கணக்கு. எவ்வளவு கேவலமான கணக்கு என்று எனக்கே தெரிகிறது.

பத்தொன்பது வயதில் நான் வேலை தேடி ஊரை விட்டு வந்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலைக்காக வரவில்லை அக்கா. நான் செய்தது எதுவும் அவருக்கு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. இப்போது எனக்கென்று ஒரு வீடு, என் குரலுக்குத் திரும்பிப் பார்க்க இரண்டு பேர். அவர் வந்து படுத்தால் நான் மறுபடி அந்தப் பையனாகிவிடுவேன். என் மனைவி தயாராகத்தான் இருக்கிறாள். தயாராக இல்லாதவன் நான்தான்.

உன்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடாதே.

தம்பி

6 மே

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். கோபம் வந்தது. நடுவில் உன்மேல் பாவமாகவும் இருந்தது. ‘நான் செய்தது எதுவும் சரியாக இருந்ததில்லை’ என்று நீ எழுதிய வரியை நானே எழுதியிருக்கலாம். ஆனால் நீ அதை ஓடிப்போய் எழுதுகிறாய், நான் இங்கேயே இருந்து எழுத வேண்டும்.

நீ சொல்லாதே என்றதை நான் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன். போன திங்கட்கிழமை காலை கஞ்சி ஊட்டும்போது, “கொடி பிடிச்சிருச்சுப்பா” என்றேன். நாற்பத்தொரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய். கஞ்சியை அவர் சட்டையில் சிந்திவிட்டேன், அதற்குக்கூட அவர் திட்டவில்லை.

“எத்தனை இலை?” என்று கேட்டார்.

“நாலு.”

கஞ்சியைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு வாய் கோணக் கோணச் சொன்னார்: “அவன் நட்டா பிடிக்கும்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுலயே அவனுக்கு நல்ல கை. அவன்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை.” அப்புறம் முகச்சவரம் பண்ணிவிடச் சொன்னார். வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார். பந்தலைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவரே ஏற்பாடும் செய்துவிட்டார். டம்ளரை மட்டும் பெட்டியில் வைக்கச் சொல்லவில்லை, நானும் வைக்கவில்லை.

உன்னிடம் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டிருந்தால் நீ வரும் ஜனவரி என்றிருப்பாய். உன் வீட்டம்மாவிடம் பேசிவிட்டேன், கட்டில் போட்டாயிற்றாம்.

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு வண்டி வந்து சேரும். ஸ்டேஷனுக்கு வா, சக்கர நாற்காலியை இறக்க இரண்டு பேர் வேண்டும். அப்பாவை உன் வீட்டில் படுக்க வைத்துவிட்டு, மத்தியான வண்டிக்கே நான் திரும்பிவிடுவேன். சாப்பிடச் சொல்லி நிறுத்தாதே, நின்றால் நின்றுவிடுவேன்.

வந்ததும் அவர் முதலில் கொடியைத்தான் காட்டச் சொல்வார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீயே சொல்லிக்கொள்.

அக்கா