கல் முதலையின் வாயருகே

நங்கையா,

இன்று காலை அவிநாசிப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். திருமுருகன்பூண்டியில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் ஈரத்துணி மூட்டை. ஜன்னல் காற்றில் அதிலிருந்து பாசியும் திருநீறும் கலந்த வாசம் எழுந்தது. ஒரு காலத்தில் உங்கள் கூந்தலில் இருந்த வாசம் அது. உங்களைக் கொண்டுபோன அன்று எனக்கு வராத அழுகை, அத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நின்ற பேருந்தில் வந்துவிட்டது.

அப்போது நான் தாவணி போட ஆரம்பித்திருந்தேன். நீங்கள் என் அண்ணனுக்கு மனைவியாக, எனக்கு நங்கையாவாக எங்கள் வீட்டுக்கு வந்து அதிக நாளாகவில்லை. முதல் பிள்ளை பிறந்து சில நாட்களிலேயே போய்விட்டான். குலசாமி கோயிலில் வைத்துத்தான் பெயரிடுவது நம் வழக்கம். அதற்கு அவன் காத்திருக்கவில்லை. உங்கள் எதிரில் அவனைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்தார். தொட்டில் சேலை மடிந்து பரணுக்குப் போனது. அதன்பின் நீங்களும் பேச்சை விட்டுவிட்டீர்கள். கூப்பிட்டால் வந்தீர்கள், போட்டால் சாப்பிட்டீர்கள். வார்த்தை மட்டும் இல்லை.

பிரமை பிடித்துவிட்டது என்றார்கள். அது தெளிய, பூண்டிக் கோயில் தீர்த்தத்தில் குளிக்க வைக்க வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமைதோறும் அம்மாவும் நானும் உங்களை அழைத்துப் போனோம். அண்ணன் எதுவும் சொல்லாமல் பனியன் கம்பெனிக்குப் போய்வந்தார். பெரியம்மாதான் வீட்டுக்குள் நின்று, உங்கள் காதிலும் விழும்படி சொன்னார்: “சின்னப் பையன், எத்தன நாளைக்குப் பொறுப்பான்? அவளை அவங்கப்பன் ஊட்டுல உட்டுப்போட்டு வேற பொண்ணப் பாரு.”

“இந்தக் கார்த்திகை போகட்டுங்கக்கா” என்றார் அம்மா.

அந்தக் கார்த்திகையின் கடைசித் திங்கள் அது. குளித்து முடித்து ஈரத்தலையோடு பூண்டிக் கோயிலுக்குள் வந்தீர்கள். அங்கே சுந்தரருக்கு இரண்டு முகம் செதுக்கியிருக்கிறார்கள். பொருளைப் பறிகொடுத்துத் தவிக்கும் முகம் ஒன்று, திரும்பக் கிடைத்துச் சிரிக்கும் முகம் ஒன்று. நீங்கள் முதல் முகத்தின் முன்பே நின்றுவிட்டீர்கள். அம்மா உங்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வெளியே வந்ததும், “அவிநாசியப்பனையும் பாத்துப்போட்டுப் போயிரலாம்” என்றார். கடைசியாக ஒரு சாமியிடமும் சொல்லிப் பார்த்துவிடலாம் என்பதுபோல் இருந்தது அந்தக் குரல்.

பேருந்தில் நம் துணி மூட்டை ஒழுகியது. “ஏனுங்கம்மா, குளத்தையே கட்டிக் கொண்டாந்துட்டீங்களா?” என்றார் நடத்துநர். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அவிநாசியில் தேரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நான் பின்தங்கினேன். கோயில் முன்னால், விளக்குத் தூணின் அடியில் கல்லில் ஒரு முதலை. அதன் வாயிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வருகிறது. நீங்கள் அதன்முன் குனிந்து நின்றிருந்தீர்கள். பக்கத்தில் பூ விற்ற பெண் சும்மா இருக்கவில்லை.

“பயப்படாதீங்க, கடிக்காது. சாமி சொன்ன வேலைய முடிச்சுப்போட்டு அது கல்லாயிருச்சு” என்று சிரித்தார். பிறகு கதையை ஆரம்பித்தார். முதலை விழுங்கிய பிள்ளை. எதிர் வீட்டில் கூட விளையாடிய பையனுக்குப் பூணூல் கல்யாணம், இந்த வீட்டில் அழுகை. சுந்தரர் வந்து பாடியது. அம்மா கண்ணைக் காட்டினார், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பூக்காரப் பெண் கவனிக்கவே இல்லை. “அத்தன வருசம் கழிச்சுத் திருப்பிக் குடுத்துது பாருங்க! வெறுமனே இல்லீங்க, அந்த வயசையும் வளத்திக் குடுத்துது.”

அப்போதுதான் உங்கள் குரலைக் கேட்டேன். கரகரத்திருந்தது.

“வளந்து வந்தவனுக்குத் தாயி இன்னார்னு அடையாளம் தெரிஞ்சுதுங்களா?”

அந்தப் பெண் பூக்கூடையைத் தள்ளி வைத்தார். “பேரச் சொல்லிக் கூப்புட்டா எந்தப் புள்ளைங்க வராது?”

“எம் புள்ளைக்குப் பேரு வெக்கலீங்களே.”

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். “வெச்சிருந்தேன் கண்ணு. நீ வவுத்துல சுமந்தப்பவே மனசுக்குள்ள வெச்சுட்டேன். சொன்னா உனக்கு நோகும்னு இருந்துட்டேன்.”

“என்ன பேருங்கத்தை?”

அம்மா சொன்னார். நீங்கள் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, கல்லில் இருந்த பிள்ளையின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, பெருங்குரலெடுத்து அழுதீர்கள். அம்மாவும் அழுதார். குழந்தை போன நாளில்கூட நம் வீட்டில் அப்படி யாரும் அழவில்லை.

“ஐயோ, என்ர வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கோணும்” என்று பதறினார் பூக்காரப் பெண்.

“இல்லீங்க, நீங்க சொன்னதுதான் நல்லதுங்க” என்றீர்கள்.

அடுத்த முறை பெரியம்மா வந்தபோது அம்மா முந்திக்கொண்டார்: “அக்கா, எம் மருமவ பேசிட்டா. இனி நீங்க கொஞ்சம் பேச்சக் கொறைங்க.” அடுப்படியில் நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். பரணிலிருந்த தொட்டில் சேலையை நீங்களே இறக்கினீர்கள். பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள் அதில் தூங்கினார்கள். பூண்டியின் அந்தச் சிரித்த முகத்தைப் பற்றி ஒருநாள் உங்களிடம் கேட்டேன். “அதுவும் அவருதான் அம்மிணி. ஆனா, மொத மொகத்த மறந்திருக்க மாட்டாரு” என்றீர்கள்.

அந்தக் கதையைப் பிறகு எங்கெங்கோ படித்தேன். பிள்ளை கரையேறியதோடு எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்ட கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அம்மா போனார். இப்போது நீங்களும் போய்விட்டீர்கள். அந்தப் பெயரை அண்ணனிடம் சொன்னீர்களா என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்க வாய் வரவில்லை. இன்று அவிநாசியில் இறங்கி, விளக்குத் தூணின் அடியில் குனிந்து, யாருக்கும் கேட்காமல் அதை ஒருமுறை சொன்னேன். இங்கே எழுதமாட்டேன். அவன் வளர்ந்து கரைக்கு வந்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன் தாய் இன்னார் என்று சொல்ல இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன், நங்கையா.