41ஆம் எண் மரத்து அணிலின் பெயர் மாற்றப்பட்டது குறித்து

அனுப்புநர்:
யூனிஸ் கிளெமென்ட்,
உயிரியல் ஆசிரியை,
பொம்மனஹள்ளி, பெங்களூரு.

பெறுநர்:
வன அலுவலர் அவர்கள்,
ஆனேக்கல் வட்டம்.

பொருள்: உயிரினக் கணக்கெடுப்பில் என் கையொப்பத்தின் மேல் பொய்யான பதிவு, மரம் வெட்டுவதை நிறுத்திவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கல்மடுவு ஓடைக்கரையில் சாலைக்காக அறுபத்திரண்டு மருத மரங்கள் வெட்டப்பட உள்ளன. அதற்கு முன், 9.2.2025 அன்று ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் அங்கே உயிரினங்களைக் கணக்கெடுத்தது. தன்னார்வலராக நானும் சென்றேன். 41ஆம் எண் மரத்தில் நரை அணில் ஒன்றையும் அதன் கூட்டையும் கண்டு பென்சிலால் குறித்தேன்.

2. நிறுவனத்தின் அறிக்கையில் அதே மரத்துக்கு நேரே 'மலபார் மலையணில்' என்று இருக்கிறது. கீழே என் கையொப்பம். அது என்னுடையதுதான். பென்சில் குறிப்புகளைப் பார்த்துப் பிறகு நிரப்பிக்கொள்வோம் என்றார்கள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லோரும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டோம். இது என் தவறு.

3. இரண்டும் ஒரே பேரினம். மலபார் அணிலின் முதுகு செம்பழுப்பு; உலக அழிவுநிலைப் பட்டியலில் அதற்கு உடனடிக் கவலை இல்லை. நரை அணிலின் வாலில் சாம்பல் தூவியது போலிருக்கும். சில ஆற்றோரக் காடுகளில் மட்டுமே மிஞ்சி, அச்சுறுத்தலை நெருங்கிவிட்ட இனம் அது. அதன் பெயர் பதிவானால் மறு ஆய்வு கட்டாயம் என்று நிறுவனத்தின் படிவமே சொல்கிறது.

4. முதலில் என் கண்களைத்தான் சந்தேகித்தேன். பிறகு அறிக்கையிலுள்ள படத்தைப் பார்த்தேன். அணில் உட்கார்ந்திருக்கும் கிளையில் பச்சைப் பாசி தடித்துக் கிடக்கிறது. மழையில்லாத பிப்ரவரியில் அந்த ஓடைக்கரையில் பாசி ஏது? அது வேறெங்கோ எடுத்த படம். நிறுவனத்தின் சுஹாஸ் என்பவரைத் தொலைபேசியில் அழைத்து, 41ஆம் மரத்தின் பதிவு எப்படி மாறியது என்று மட்டும் கேட்டேன். "ரெண்டும் அணில்தானே மேடம், வால் கொஞ்சம் நரைச்சிருந்தா என்ன இப்போ?" என்று சிரித்தார். வாலைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

5. மரங்களை வெட்டும் வேலை 17.3.2025 திங்களன்று தொடங்குகிறது. கூட்டில் குட்டிகள் இருக்கலாம். என் பென்சில் குறிப்பின் நகலையும் இம்மனுவின் கன்னடப் பிரதியையும் இணைத்துள்ளேன். எனினும், வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டவளின் சொல்லை மட்டும் நம்பித் தாங்கள் முடிவெடுக்க வேண்டாம். அந்த நிறுவனம் கைகாட்டாத ஒருவரை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பி, அவர் அறிக்கை தரும்வரை வேலையை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். வழிகாட்ட நான் வருகிறேன். மரத்தடியை அடைந்ததும் நான் எதுவும் சொல்லமாட்டேன். வருபவர் தாமே மேலே பார்த்து, தாமே எழுதி, அதன் பிறகு கையெழுத்திடட்டும்.

இடம்: பெங்களூரு
நாள்: 14.3.2025

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
யூனிஸ் கிளெமென்ட்