சீட்டுக்கு அடியில் வைத்த குச்சிகள்

ஜூலை 28, திங்கள்

இலத்தூரில் இன்று ஒட்டுக்கன்றுகளைப் பார்த்தோம். மலையடிவாரத்தில் நடுவதற்காக, நான் பயிற்சி கொடுக்கும் பெண்கள் ஒட்டுக் கட்டிய மாங்கன்றுகள். எல்லோருடையதும் துளிர்த்திருந்தது. செல்லம்மா அக்கா கட்டிய இருபதும் கருகிக் கிடந்தன.

அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். "எத்தன தடவ சொல்லிருக்கேன் அக்கா, நாடாவ இறுக்கமா சுத்தணும்னு? கவனத்த எங்க வச்சிருந்தீங்க?" யாரோ சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு ஒரு கன்றில் பிளாஸ்டிக் நாடாவைப் பிரித்தேன். நான் சுற்றுவதைவிட நேர்த்தியாகச் சுற்றியிருந்தார். அப்போதுதான் உறைத்தது.

ஒட்டுக் கட்டிய அன்று, வரும் வழியில் குற்றாலத்தில் குளிக்க இறங்கினேன். பெண்கள் வரிசையில் ஒரு மணி நேரம் போய்விட்டது. கன்றுகளில் ஒட்டுவதற்கு வெட்டிய மாங்குச்சிகள் ஈரச்சாக்கில் இருந்தன. சாக்கில் அடங்காத ஒரு பிடியை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் திணித்திருந்தேன். எடுக்கும்போது இட்லிக்கொப்பரை மாதிரி சூடு. கடைசியாக வந்த செல்லம்மா அக்காவுக்கு அதைத்தான் கொடுத்தேன். சூடேறிய குச்சி துளிர்க்காது என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

இன்றாவது சொல்லியிருக்கலாம்.

கிளம்பும்போது அக்கா பின்னாலேயே வந்தார். ஒட்டுக்கத்தியை முந்தானையில் துடைத்து நீட்டினார். "எங் கைக்கு ராசியில்ல மேடம். நீங்க நல்லாத்தான் சொல்லித் தாரீய, எனக்குத்தான் வரமாட்டேங்கு. வேற யாருக்காவது குடுங்க."

வாங்கி, அதே சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.