காருக்குப் பூக்கேட்டது

1936 மாசி, வெள்ளி இரவு.

பருத்தி மூட்டை ஏற்றச் சின்ன லாரி வாங்கலாம் என்றார் அப்பா. வேகமாக ஓடும் திறந்த கார்தான் வேண்டும் என்றேன் நான். குதிரைசக்தியை விளக்கினேன்; கொட்டாவி விட்டார். மாரியம்மனிடம் பூக்கேட்கலாம் என்று கோயிலுக்கு இழுத்துப்போனார். சாமி முன் வைத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுப்பார்கள். வெள்ளைப் பூ இருந்தால் லாரி, சிவப்பு இருந்தால் கார்.

"எஞ்சின் சமாச்சாரத்தைச் சாமிகிட்டயா கேக்கறதுங்கப்பா?" என்று கத்தினேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு! நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன்.

"ஆத்தா சொன்னா மறுபேச்சில்ல கண்ணு, காரே வாங்கிப்போடலாம்," என்றார் அப்பா. "பின்பக்கத்தை அறுத்துப்போட்டுப் பலகை அடிச்சா ஆறு மூட்டை ஏறும்."

எங்கே அறுப்பது என்று நாளைக்கே நான் படம் வரைந்து தரவேண்டுமாம். அதற்குத்தான் என்னைப் படிக்க வைத்தாராம்.