செல்வி, உன் வகுப்பை உன் பிள்ளைகளே எனக்குச் சொல்லித்தந்தார்கள்

என் அருமைச் செல்விக்கு,

முதலில் ஒரு சேதி. உன் ஒன்றாம் வகுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. நீ நம்ப மாட்டாய். இருபது வருடத்துக்கும் மேலாக ஐந்தாம் வகுப்பைத் தவிர வேறெதையும் தொடாத உன் சாந்தா அக்கா, தினமும் காலையில் வகுப்பு வாசலில் குட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளோடு கைதட்டிக்கொண்டிருக்கிறாள். தொண்டூர் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லாமல் மற்றதை எழுத மனசு வரவில்லை. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் நான் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்கும். "ரைட், போலாம்!" என்று பதினேழு பிள்ளைகள் ஒன்றாகக் கத்தும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தேன். நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு பஸ் ஆக்கியிருந்தாய். ஒரு பிள்ளை கண்டக்டர். நீ ஊர்ப்பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடிக்க, அதைப் படித்தவர்கள்தான் இறங்கலாம். அட்டையில் செஞ்சி என்று இருந்தது.

"அ, ஆவே முடியல. அதுக்குள்ள ஞ் எங்கருந்து வந்துச்சு செல்வி?" என்று கேட்டேன்.

"பஸ் போர்டுலருந்துதான்க்கா. இதுங்க தெனமும் பாக்கற எழுத்தாச்சே அது. எப்பவோ பழகிட்டுதுங்க. எழுத்தோட பேரு மட்டும்தான் நான் சொல்லிக்குடுத்தேன்" என்றாய்.

எனக்கு அது பதிலாகவே படவில்லை. அன்று மாலையே தலைமை ஆசிரியரிடம் போய், "அந்த வகுப்புல பாடம் நடக்கல சார், விளையாட்டுதான் நடக்குது" என்று சொன்னேன். மறுநாள் மதியம் நீ எப்போதும் போல உன் டப்பாவைத் திறந்து கருவாட்டுக் குழம்பை என் பக்கம் தள்ளினாய். உனக்குத் தெரிந்திருந்ததா செல்வி? தெரிந்தும்தான் தள்ளினாயா?

அரையாண்டு விடுமுறையில் வயிற்றுவலி என்று புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனாய். "பொங்கலுக்குள்ள வந்துடுவேன்க்கா. புள்ளைங்கள மட்டும் பாத்துக்கோ" என்று போனில் சொன்னாய். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது நீ இல்லை.

"இந்த வருஷம் முடியற வரைக்கும் ஒண்ணாம் வகுப்ப நீங்க எடுத்துக்கங்க டீச்சர். அஞ்சாவத நான் பாத்துக்கறேன்" என்றார் தலைமை ஆசிரியர். சின்னப் பிள்ளைகள்தானே, என்ன பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து "எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. பதினேழு பேரும் வாசலுக்கு வெளியே வரிசையில் நின்று என்னையே பார்த்தார்கள். அதட்டினேன். உள்ளே வந்தார்கள், ஆனால் உட்காரவில்லை. எல்லாரும் பின்சுவரை நோக்கி ஓடினார்கள். சத்தம் கூரையைத் தொட்டது. மேஜைமேல் ஸ்கேலால் ஓங்கித் தட்டினேன். அந்தச் சத்தத்தில் தர்ஷினி, அந்த வாய் திறக்காத பிள்ளை, நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள்.

குழாயடிக்கு அழைத்துப்போய்க் கழுவிவிட்டேன். கூடவே வந்த பிரகாஷ் என்னிடம் கொஞ்சம் கோபமாகவே சொன்னான். "அவ ஒண்ணுக்குப் போணும்னா சுண்டுவெரல காட்டுவா டீச்சர். காட்டிக்கினேதான் இருந்தா. நீங்கதான் பாக்கல."

அன்று மாலை உன் பாடக்குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நான்கு வரி, அதிகாரிகள் பார்வைக்கு. நீ உண்மையில் செய்தது எதுவும் அதில் இல்லை. மறுநாள் காலை வாசலில் நின்ற வரிசையிடமே கேட்டேன்: "உங்க டீச்சர் காலையில இன்னா பண்ணுவாங்க?"

செல்வி, எனக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் இவ்வளவு கண்டிப்பானவர்களை நான் பார்த்ததில்லை.

"நீங்க உக்காரணும் டீச்சர். நின்னா எங்களுக்கு எட்டாது." நான் மூட்டுவலிக்காரி, உன்னைப் போல முட்டி போட முடியாது. முக்காலி எடுத்துவந்தேன். கதவில் நீ ஒட்டிவைத்திருந்த மூன்று படங்களுக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. கும்பிடு, கைகுலுக்கல், கைதட்டல். எந்தப் படத்தைத் தொடுகிறார்களோ அந்த வணக்கத்தைச் சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும். தர்ஷினி முறை வந்தபோது பிரகாஷ் முந்திக்கொண்டான். "அவ எதையும் தொட மாட்டா. சும்மா போவா. எங்க டீச்சர் வுட்டுடுவாங்க." நானும் விட்டேன்.

பின்சுவருக்கு ஏன் ஓடினார்கள் என்பதும் தெரிந்தது. அங்கே துணியில் தைத்த பைகள், ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் பள்ளி. அவரவர் பெயரட்டையைத் தேடி எடுத்து வீட்டிலிருந்து பள்ளிக்கு மாற்ற வேண்டும். வருகைப்பதிவு அவ்வளவுதான். நான் ஐந்தாம் வகுப்பில் தினமும் காலை கத்திக் கத்திப் பெயர் கூப்பிட்டுச் செய்ததை உன் பிள்ளைகள் தாங்களே படித்துச் செய்துகொண்டிருந்தார்கள். தன் பெயரைத் தேடும்போது பக்கத்துப் பெயரையும் படித்துத்தானே ஆகவேண்டும்?

சத்தம் போட்டு அடக்கக் கூடாதாம். கையை உயர்த்தி விரல்களை ஒவ்வொன்றாக மடக்க வேண்டுமாம். நம்பிக்கையில்லாமல்தான் மடக்கினேன். மூன்றாவது விரலில் வகுப்பு அமைதியாகிவிட்டது. ஸ்கேலை எடுத்து பீரோவுக்குள் வைத்தேன்.

புளியங்கொட்டைக் கணக்கு என்னை இன்னும் அசத்தியது. கைநிறைய அள்ளி, எத்தனை இருக்கும் என்று முதலில் ஊகித்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் எண்ண வேண்டும். "பன்னெண்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, எண்ணிப் பார்த்துப் பதினொன்று வந்ததும் அந்தப் பிள்ளைகள் குதிப்பதைப் பார்க்க வேண்டுமே! என் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாட்டை மழை மாதிரிப் பொழிகிற பிள்ளைகள், விடை ஐம்பதா ஐந்நூறா என்பதில் ஏன் தடுமாறினார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. ஊகிக்க நான் கற்றுத்தரவே இல்லை.

ஒன்றுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. துணிப்பையின் வீட்டுப் பக்கத்தில், உன் கையெழுத்தில், 'செல்வி டீச்சர்' என்று ஒரு அட்டை இருந்தது. தினமும் நீயும் மாற்றுவாயாம். பிள்ளைகள் எல்லாரும் மாற்றிய பிறகு அது மட்டும் அங்கே தனியாக இருக்கும்.

"எங்க டீச்சர் இன்னும் வூட்லதான் இருக்காங்களா?"

என்ன சொல்வது என்று தலைமை ஆசிரியரைக் கேட்டேன். "சின்னப் புள்ளைங்க டீச்சர். ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிவைங்க" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் ஒன்பது நாள் அப்படியே சொன்னேன்.

உன் 'இன்றைய சேதி' நேரம் இருக்கிறதே, அதுதான் என்னை மாட்டிவிட்டது. ஆளுக்கொரு சேதி சொல்ல வேண்டும், டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுத வேண்டும், எல்லாரும் சேர்ந்து படிக்க வேண்டும். எங்க மாடு கன்று போட்டது. எங்க நைனா சென்னைக்கு வேலைக்குப் போனார். நேற்று கரண்ட் இல்லை. சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும்தான் எழுதுவாய், பொய் என்றால் "அது கத, கத நேரத்துல சொல்லு" என்பாய் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள்.

பத்தாவது நாள் பிரகாஷ் எழுந்தான். "செல்வி டீச்சர் நாளைக்கு வராங்க."

சாக்பீஸ் என் கையில் இருந்தது. எழுதவில்லை.

"எழுதுங்க டீச்சர்" என்றார்கள் எல்லாரும்.

திரும்பிப் பெரிய எழுத்தில் எழுதினேன்: செல்வி டீச்சர் இறந்து விட்டார்.

அவர்கள் படித்தார்கள், செல்வி. முதல் இரண்டு சொல்லும் தெரிந்த சொல், சந்தோஷமாகக் கத்தினார்கள். மூன்றாவது சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டினார்கள். இ. ற. ந். து. சேர்த்துச் சொன்னதும் முன்வரிசையின் குரல் நின்றுவிட்டது. பின்னால் இரண்டு பேர் இன்னும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்தினார்கள். ஒன்றாம் வகுப்பு, ஜனவரி மாதம், பதினேழு பேரில் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தச் சொல்லைப் படித்துவிட்டார்கள். பாடம் நடக்கவில்லை என்று நான் புகார் சொன்ன வகுப்பு அது.

"எங்க ஆடு செத்துப்போச்சே, அது மாரியா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்ப வரவே மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க."

சிலர் அழுதார்கள். ஒருவன் "சாப்பாட்டு பெல் எப்போ?" என்று கேட்டான். நான் அழுதேன். அழுகிற டீச்சரை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒவ்வொருவராக வந்து என் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் உன் அட்டையைக் காணோம். அதற்கடுத்த நாள் தர்ஷினியின் அம்மா, வேலைக்குப் போகிற வழியில் வந்து நின்றாள். முந்தானையில் அட்டையை முடிந்து வைத்திருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். இந்தப் புள்ள எடுத்தாந்துட்டுது. கையவுட்டு எறக்கவே மாட்டேங்குது" என்று நீட்டினாள். பிறகு அவளே சொன்னாள்: "வூட்ல நல்லாத்தான் பேசும். இங்கதான் வாய் தொறக்காது. செல்வி டீச்சர் எங்க கொல்லைக்கே வந்தாங்க. கடல பறிக்கற எடத்துல என்கூட உக்காந்து அவங்களும் பறிச்சாங்க. 'நானும் எங்கம்மா கூட கடல பறிச்சுக்கினு படிச்சவதான்'னாங்க. இவ என்கிட்ட எப்படிப் பேசறான்னு கேட்டுக்கினே இருந்தாங்க. 'பேசாத புள்ளன்னு யார்கிட்டயும் சொல்லாதம்மா. நேரம் எடுத்துக்குது, அவ்ளோதான்'னாங்க."

நீ அங்கே போனது எனக்குத் தெரியாது. ஒரே பள்ளியில் ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், ஒரு வார்த்தை சொன்னதில்லை நீ.

"அட்டய அவளே வெச்சிக்கட்டும்மா" என்றேன்.

தர்ஷினி பேசினாளா என்று கேட்பாய். மார்ச் மாதம் ஒரு நாள் கண்ணாடி போடாமல் பஸ் விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். "அனந்தபுரம் எல்லாம் எறங்கு" என்று அட்டையைத் தூக்கினேன். யாரும் இறங்கவில்லை. கடைசி நாற்காலியிலிருந்து ஒரு மெல்லிய குரல், "அது தொண்டூரு டீச்சர்" என்றது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் பெரிதுபடுத்தவில்லை. நீயாக இருந்தாலும் பெரிதுபடுத்தியிருக்க மாட்டாய். "ஆமா, தொண்டூருதான். எறங்கு" என்றேன். இறங்கினாள். இப்போதும் அதிகம் பேசுவதில்லை. இரண்டாம் வகுப்பில் கேட்டால் பதில் சொல்கிறாளாம்.

எல்லாம் உன்னைப் போலச் செய்கிறேன் என்று நினைக்காதே. எனக்குப் பாட வராது. கதையில் குரங்கு வந்தால் நீ குரங்காகவே மாறிவிடுவாயாம், நான் செய்தால் பிள்ளைகள் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். சில நாள் குரலும் உயர்ந்துவிடுகிறது. அப்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை தன் கையைத் தூக்கி விரலை மடக்கிக் காட்டும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "ஒண்ணாவதுக்குப் புது டீச்சரப் போட்டுக்கலாம். நீங்க பழையபடி அஞ்சாவதுக்குப் போய்டுங்க" என்றார்.

"புது டீச்சர் அஞ்சாவத எடுத்துக்கட்டும் சார். எனக்கு ஒண்ணாவது போதும்" என்றேன். பிறகு, முன்பு உன்னைப் பற்றிச் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். உன்னிடமே சொல்லியிருக்க வேண்டியது. இப்போது சொல்கிறேன், மன்னித்துவிடம்மா.

புதிதாகப் பதினாலு பேர் வந்திருக்கிறார்கள். முதல் நாள் பாதிப் பேர் அழுகை. ஓவியா என்று ஒரு குட்டி அழவே இல்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாலை அவள் அம்மா வந்ததும் பள்ளிக் கேட் வரை ஓடியவள், திரும்பி என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நாளைக்கும் வரணுமா?"

"வரணும்."

"நீங்க வருவீங்களா?"

அந்தக் கேள்விக்கு எவ்வளவு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். யோசித்தேன். அவள் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குனிந்து அவள் உயரத்துக்கு வந்து, "வருவேன்" என்றேன்.

ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. உடம்பு ஒத்துழைக்கிற ஒவ்வொரு காலையும் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் வந்துவிடுவேன் செல்வி. நான் உனக்குத் தரும் வார்த்தையும் அதுதான்.

கூடப் பிறக்காவிட்டாலும் நீ வாய் நிறையக் கூப்பிட்ட
உன் அக்கா,
சாந்தா