வியாழக்கிழமைகளில் பஸ் கால்வாய்த் தெருவில் வரும்

மார்ச் 4, செவ்வாய்

இலகு ரயிலின் புதிய கிளைப் பாதைக்கான இறுதி வரைபடம் இன்று என் மேசைக்கு வந்தது. சாபினோ நிலையத்தைக் காணோம். போன மாதம் வரை இருந்தது, நான்தான் வரைந்தேன். இப்போது ரயில் எங்கள் சாபினோ பேட்டைக்குள் நுழைந்து, நிற்காமல் வெளியேறி, நேரே புதிய மாலின் வாசலில் போய் நிற்கிறது. மாலுக்கு வருகிறவர்கள் மேல் வெயில் பட்டுவிடக் கூடாதாம், வாசல் வரை கூரை வேறு.

திட்டத் தலைவர் பல்தசார் சாரிடம் கேட்டேன். கேள்வி பிடிக்காவிட்டால் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். இன்றும் மூடினார்.

"அங்க ஏறுறதுக்கு ஆளே இல்ல எர்மிலா. எண்ணிக்கை சொல்லுது, நான் சொல்லல."

ஆளே இல்லையா? நான் பிறந்து வளர்ந்த பேட்டை அது. மினி பஸ் படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்த்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். என்னோடு தொங்கியவர்கள் எல்லாம் யார், ஆவிகளா?

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு பல்தசார் சார் மால்காரர்களுடன் இறால் சாப்பிடப் போனார். தவக்காலம் அல்லவா, இறைச்சி தொடமாட்டார்.

மார்ச் 6, வியாழன்

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு சாபினோவுக்குப் போனேன். வியாழச் சந்தை. பெரிய வீதி முழுக்கத் தார்ப்பாய், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. என் அக்கா எவுலாலியா வழக்கமான இடத்தில் தெஹுயினோ பானையோடு உட்கார்ந்திருந்தாள். புளித்த மக்காச்சோளக் கூழில் எலுமிச்சையும் உப்பும் ஐஸும் போட்டு ஒரு கிளாஸ் நீட்டினாள். வெயிலுக்கு அதுபோல வேறு எதுவும் கிடையாது.

யாராவது இங்கே ஆள் எண்ண வந்தார்களா என்று கேட்டேன்.

"போன மாசம் ரெண்டு பேர் வந்தாங்களே, மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கிட்டு. அந்த மருந்துக்கடை முன்னாடி பஸ் நிக்கிற இடத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தாங்க. கையில டிக் டிக்குனு அமுக்குற சாமான். நாள் பூரா அமுக்கவே இல்ல, பாவம். என்கிட்டதான் ரெண்டு ரெண்டு கிளாஸ் குடிச்சாங்க."

"என்னைக்கு அக்கா?"

"வியாழக்கிழமைதான். வேற என்னைக்கு நான் இங்க இருக்கேன்?"

கிளாஸைக் கீழே வைத்தேன். வியாழக்கிழமை பெரிய வீதியில் பஸ் ஓடாது. விடிவதற்கு முன்பே சந்தை வீதியை மறித்துவிடும். பஸ்கள் எல்லாம் பின்னால் கால்வாய்த் தெருவைச் சுற்றிப் போகும். சனம் அங்கே போய்த்தான் ஏறும். இது சாபினோவில் நாய்க்குக் கூடத் தெரியும். படித்தவர்கள் இரண்டு பேர் பஸ்ஸே வராத நிறுத்தத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து, கூழைக் குடித்துவிட்டு, பயணிகள் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"கேட்டாங்களா? வெறிநாய் ஊசிக்கு நாய் எண்ண வந்திருக்காங்கன்னு நெனச்சேன்."

மார்ச் 7, வெள்ளி

ஓட்டமாக ஓடிப் போய்ப் பல்தசார் சாரிடம் சொன்னேன். பெரிய கண்டுபிடிப்பு என்று நினைப்பு.

"தெரியும்" என்றார்.

தெரியுமாம்!

"மறுபடி எண்ணணும்னா மழைக்காலம் வந்துடும். மாசக் கடைசிக்குள்ள கோப்பு தலைநகரத்துக்குப் போகலன்னா நிதி போச்சு, மொத்தப் பாதையும் போச்சு. உங்க பேட்டைக்கு ஒரு நிலையம் இல்லங்கறதுக்காக ஊருக்கே ரயில் வேண்டாங்கறீங்களா?"

பயணிகள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொறுப்புப் பொறியாளர் என்று என் பெயர் இருக்கிறது. அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்துதானே என்கிறார். ஒரு கையெழுத்து! ஒரு பேட்டையே இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும், அங்கே என் அக்கா உட்கார்ந்திருக்கும்போது. போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வரைபடத்தோடு போனேன். நிலையத்தோடு இருந்த பழைய வரைபடம். மாசக் கடைசியில் நடக்கப்போகும் மக்கள் கருத்துக் கூட்டத்துக்குச் சந்தைக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வரச் சொல்லலாம் என்று எண்ணம். கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கோடு எந்தத் தெரு?"

"பெரிய வீதி."

"அப்ப சந்தை?"

வேறு இடம் ஒதுக்குவார்கள் என்றேன். எந்த இடம் என்றாள். எனக்குத் தெரியவில்லை.

"உன் நிலையத்துக்காக நான் வந்து கத்தணும், அது என் பானை மேலயே வந்து நிக்கும். நல்லா இருக்குடி மிலா, ரொம்ப நல்லா இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு கிளாஸ் கூழ் விற்பதற்காகப் பேட்டையே படியில் தொங்க வேண்டுமா என்று கேட்டேன்.  அவள் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போவதற்கு.

யாருக்காக நான் மல்லுக்கட்டுகிறேன்? அவளுக்காகத்தானே! சம்பளத்தைப் பணயம் வைத்து... போகட்டும். யாரும் எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

மார்ச் 10, திங்கள்

அவளும் ஒரு பல்தசார்தான். அவரவருக்கு அவரவர் வாசல்.

மார்ச் 13, வியாழன்

மறுபடி சாபினோ. அக்காவின் முகத்தில் விழிக்க மனமில்லை, அதனால் சந்தைக்குள் போகாமல் பின்பக்கமாகப் போய்க் கால்வாய்த் தெருவில் நின்றேன். எத்தனை கூட்டம் என்று கண்ணால் பார்த்துக்கொண்டு போய் பல்தசார் சார் முகத்தில் எறியலாம் என்று.

பஸ் வந்தது, நிரம்பியது, போனது. அடுத்தது வந்தது. அதுவும் நிரம்பியது. பள்ளிச் சீருடைகள், மருத்துவமனைத் துப்புரவுப் பெண்கள், தோளில் கருவிப் பையோடு கொத்தனார்கள். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. வியாழன் என்றால் இங்கே, அவ்வளவுதான்.

நின்று நின்று கால் வலித்தபோதுதான் உறைத்தது. கால்வாயை ஒட்டி ஒரு பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாத அரசு நிலம். புல்லும் பழைய டயரும்தான் கிடக்கின்றன. இரட்டைத் தண்டவாளம் தாராளமாகப் போகும். ஒரு கடையை இடிக்க வேண்டாம், ஒரு ஜகரண்டா மரத்தை வெட்ட வேண்டாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வாரா வாரம் பஸ்கள் இந்தத் தடத்தைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதை ஏன் நாங்கள் யாரும் வரையவில்லை?

சந்தையையும்தான் நான் வரையவில்லை. என் எந்த வரைபடத்திலும் அது கிடையாது. வியாழக்கிழமையே இல்லாத ஒரு ஊரை வரைந்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

மூன்று நாள் சரியான தூக்கம் இல்லாமல் கால்வாய்த் தடத்தை வரைந்து முடித்தேன். நிலையத்தோடு. பாலம் ஒன்று குறைகிறது, செலவும் குறைகிறது.

பல்தசார் சார் ஒரு பார்வை பார்த்தார். "மாலுக்கு எந்தப் பக்கம் போய்ச் சேருது இது?"

"பின்பக்கம் சார்."

"சமையல்கழிவு எடுக்குற கேட்டுல. அங்கயா ரயில் விடுறது?"

சிரித்துவிட்டார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். இன்னும் காதில் கேட்கிறது. மாலின் முன்வாசலுக்காக ஒரு பேட்டையைத் தாண்டிக் குதிக்கலாம், ஆனால் அவர்கள் எச்சில் நாற்றம் யார் மூக்கிலும் படக் கூடாது!

மார்ச் 28, வெள்ளி

கருத்துக் கூட்டம். நகர மையத்தில், நட்சத்திர ஓட்டலில், வேலை நாளில், காலை பத்து மணிக்கு. யாரும் வரக் கூடாது என்றே வைத்த கூட்டம்.

அக்கா வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் உடுப்பில், பின்னால் சந்தைக்காரர்கள் ஒரு வரிசை. நான் கூப்பிடவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள்.

"எங்க பேட்டையில பஸ் ஏற ஆளில்லைன்னு எழுதியிருக்கீங்களாம். வியாழக்கிழமை சந்தைக்குள்ள உக்காந்து எண்ணியிருக்கீங்க. என்கிட்ட கூழ் குடிச்சிட்டுத்தான் எண்ணுனாங்க, நானே சாட்சி. திங்கக்கிழமை மத்தியானம் கோயிலுக்கு வந்து பார்த்துட்டு, பூசைக்கு ஆளே இல்லைன்னு கோயிலையும் பூட்டிடுவீங்களோ?"

கூடமே சிரித்தது. தலைநகரத்திலிருந்து வந்திருந்த நிதி அதிகாரி, நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய அம்மாள், சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை பஸ் எந்த வழியா போகும்?" என்று கேட்டார்.

"கால்வாய்த் தெரு. எல்லாருக்கும் தெரியுமே."

"அந்தத் தெருவை ஆராய்ஞ்சீங்களா?" என்று அதிகாரி எங்கள் மேசையைப் பார்த்துத் திரும்பினார்.

பேனா மூடி திறந்து மூடிக்கொண்டிருந்தது. கால்வாய்த் தட வரைபடத்தைச் சுருட்டி வைத்த குழல் என் காலடியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "நான் வரைஞ்சிருக்கேன் மேடம்" என்றேன்.

வெளியே வந்தபோது அக்கா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். "சந்தையைத் தொடாதா உன் கோடு?" என்றாள். தொடாது என்றேன். "அதை முன்னாடியே வரையுறதுக்கு என்ன கேடு உனக்கு?" என்றாள். பஸ் வந்துவிட்டது.

மார்ச் 31, திங்கள்

பழைய அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். கற்றாழைத் தொட்டியை எடுத்துக்கொண்டேன். அளவுகோலையும். அது என்னுடையது.

ஜூன் 12, வியாழன்

முதல் மழை. கால்வாய்த் தெருவில் மறுபடி எண்ணச் சொல்லித் தலைநகரம் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டதாம். பத்திரிகையில் பல்தசார் சாரின் பேட்டி, படத்தோடு. கால்வாய்த் தடம் "எங்கள் குழுவின் நெடுநாள் யோசனை" என்கிறார். நெடுநாள்! பத்திரிகையைக் கிழித்தேன். பிறகு ஒட்டி மறுபடி படித்தேன். என் பெயர் எங்கும் இல்லை.

இப்போது ஒரு மேஸ்திரிக்கு வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். குளியலறை எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரர்கள் சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும்.

அக்டோபர் 16, வியாழன்

வேலை இல்லாத வியாழக்கிழமைகளில் அக்காவுக்கு எலுமிச்சை பிழிந்து கொடுக்கிறேன். இன்று மஞ்சள் மேல்சட்டை போட்ட இரண்டு பெண்கள் கடைக்கு வந்து, கால்வாய்த் தெரு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அக்கா கரண்டியால் காட்டினாள்.

அவர்களுக்குப் பின்னாலேயே பல்தசார் சார், தலைநகரத்து ஆட்கள் இரண்டு பேரோடு. தரை அளக்கிற கருவியை யாரோ தூக்கி வந்தார்கள். தண்டவாளம் எங்கே வரும், நிலையம் எங்கே வரும் என்று கையை வீசிச் சொல்லிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார்.

"நல்லா இருக்கீங்களா எர்மிலா?"

"இருக்கேன் சார்."

வெயில் தாங்காமல் மூன்று கிளாஸ் கேட்டார்.

"யாரு இது?" என்றாள் அக்கா, அவர் காதில் விழும்படி. கூட்டத்தில் அவரை நன்றாகவே பார்த்திருக்கிறாள்.

"கணக்கெடுக்க வந்தவர்" என்றேன்.

அவள் மூன்றாவது கிளாஸில் மட்டும் உப்பை அள்ளிப் போட்டாள். நான் எலுமிச்சை பிழிந்து, அதை அவர் கையில் கொடுத்தேன்.